சாம்பல் கிண்ணம் கேட்காத புகை

சென்ற மாரிகாலத்தில் இலண்டனின் புறநகர் ஒன்றில் நடைபெற்ற நூல் வெளியீட்டு விழாவொன்றுக்குச் சென்றிருந்தேன். குளிர் காரணமாக மண்டபத்தின் கதவுகளும் சாளரங்களும் இறுகச் சாத்தப்பட்டிருந்தன. ஆய்வுரை நிகழ்த்தியவர் தமக்கு ஒதுக்கப்பட்ட இருபது நிமிடங்களை எப்போதோ கடந்துவிட்டிருந்தார். அவ்வேளையில் சபையில் திடீரென மாம்பழ வாசனை எழுந்தது. முன்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "ஆரோ மாம்பழம் வெட்டுகினம் போலை" என்றார். அடுத்த சில நொடிகளில் அவருக்கு இருமல் கிளம்பியது.

மாம்பழத்தை யாரும் வெட்டவில்லை. எனக்கு இரண்டு இருக்கைகள் தள்ளி அமர்ந்திருந்த இளைஞர் ஒருவரின் கைக்குள் தடித்த பேனாவைப் போன்ற கருவி ஒன்று இருந்தது. அவர் வாயிலிருந்து வெளிவந்த வெண்படலமே அந்த மாம்பழம். நான் அவரைத் திரும்பிப் பார்த்ததும் அவர் சிறிதும் தடுமாறாமல், மிகுந்த பணிவோடு சொன்னார்: "சிகரெட் இல்லை அங்கிள். வெறும் ஆவிதான்."

கூட்டம் முடிவதற்குள் இன்னும் மூன்று தடவை அந்த மாம்பழம் வந்து போனது. ஆய்வுரையில் சொல்லப்பட்டவற்றை நான் மறந்துவிட்டேன். அந்த இளைஞரின் ஒற்றை வாக்கியம் மட்டும் மறக்கவில்லை. அவர் மரியாதை தெரியாதவர் அல்லர். அம்மண்டபத்தில் ஒரு சிகரெட்டைப் பற்றவைக்க அவர் கனவிலும் துணிந்திருக்க மாட்டார். கையில் இருப்பது சிகரெட் அல்ல என்பதனால், சிகரெட்டுக்குரிய ஒழுக்கமும் தமக்கு உரியதல்ல என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார். பேசப்பட வேண்டிய விடயம் இதுதான்.

இலத்திரனியல் சிகரெட் எனவும், 'வேப்' எனவும் வழங்கப்படும் இக்கருவி இன்று நாம் காணும் வடிவத்தை 2003இல் பெற்றது. சீன மருந்தாளரான ஹொன் லிக் என்பவர் இதனை உருவாக்கினார். அவரும் கடும் புகைப்பழக்கம் உடையவராக இருந்தவர்; தந்தையை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இதற்கு வெகுகாலத்துக்கு முன்னரே, 1965இல், ஹேர்பட் கில்பேர்ட் என்ற அமெரிக்கர் புகையற்ற சிகரெட் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் அது சந்தையில் எடுபடவில்லை.

கருவியின் செயற்பாடு எளிமையானது. மின்கலத்தினால் சூடேறும் கம்பிச்சுருள் ஒன்று, புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், சுவையூட்டிகள், பெரும்பாலும் நிக்கொட்டின் ஆகியன கலந்த திரவத்தைச் சூடாக்குகின்றது. அப்போது எழுவது கேத்தலில் இருந்து எழும் நீராவியன்று. மிக நுண்ணிய துளிகள் காற்றில் மிதக்கும் ஒருவகைப் பனிப்படலம் அது. அதனுள் நிக்கொட்டினும் வேறு இரசாயனங்களும் உள்ளன. ஆகவே "வெறும் ஆவிதான்" என்பதில் 'ஆவி' என்ற சொல்லும் சரியில்லை. 'வெறும்' என்ற சொல்லும் சரியில்லை.

இவ்விடத்தில் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இக்கருவிக்கு நான் பகைவன் அல்லன். என் மருமகன் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிகரெட் புகைத்தவர். நிக்கொட்டின் ஒட்டுவில்லை, சுவிங்கம், தாயின் கண்ணீர், மனைவியின் கோபம் ஆகிய எதுவும் செய்யாததை இக்கருவி செய்தது. அவர் சிகரெட்டைக் கைவிட்டு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பாக அப்போது இருந்த நிறுவனம் 2015 ஓகஸ்டில் வெளியிட்ட மீளாய்வு, இலத்திரனியல் சிகரெட் சாதாரண சிகரெட்டை விட ஏறத்தாழ 95 சதவீதம் தீங்கு குறைந்தது எனக் கூறியது. அந்த எண்ணிக்கையைக் கடுமையாக விமர்சித்த மருத்துவர்களும் உண்டு. ஆனால் சிகரெட்டில் இருந்து மீள விரும்பும் ஒருவருக்கு இது ஒரு படிக்கட்டு என்பதைப் பிரித்தானிய மருத்துவ உலகம் இன்றும் ஏற்றுக்கொள்கின்றது.

ஆனால் அந்த 95 சதவீதம், இழுப்பவர் சிகரெட்டோடு ஒப்பிட்டுப் பெறும் நன்மை. முன்வரிசையில் இருந்த அம்மா எதையும் புகைத்தவர் அல்லர். அவருக்கு மாம்பழப் படலத்துக்குப் பதிலாகச் சிகரெட் புகையே கிடைத்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது மண்டபத்தின் சாதாரணக் காற்று.

இனி, பழைய காலத்து ஒழுக்கத்தைச் சற்று நினைத்துப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் சுருட்டு பிடிக்காத ஆண்கள் குறைவாக இருந்த காலம் ஒன்று இருந்தது. எனினும் அதற்கென ஒரு நடைமுறை இருந்தது. பெரியவர் ஒருவர் ஒழுங்கையால் வந்தால் சுருட்டு முதுகுக்குப் பின்னால் போகும். அல்லது நூர்த்துக் காதில் செருகப்படும். அயல்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பற்றவைக்க வேண்டுமானால் வீட்டுக்காரரிடம் நெருப்புக் கேட்க வேண்டும். அவர் கொள்ளிக்கட்டையோ தீப்பெட்டியோ கொடுத்தால் அது அனுமதி. "உள்ளுக்குப் பிள்ளை படுத்திருக்கு" என்றால் அது மறுப்பு. நகரத்து வீடுகளில் சாம்பல் கிண்ணம் இந்த வேலையைச் செய்தது. விருந்தினர் முன் அது வைக்கப்பட்டால் புகைக்கலாம். அது காணப்படாவிடின் எழுந்து முற்றத்துக்குப் போக வேண்டும்.

நெருப்பும் சாம்பலும் நாற்றமும் சிகரெட்டின் குறைகள். ஆனால் அக்குறைகள்தாம் புகைப்பவரை மற்றவரிடம் கேட்க வைத்தன. இலத்திரனியல் சிகரெட்டுக்கு நெருப்புக் கேட்க வேண்டியதில்லை. சாம்பல் தட்ட வேண்டியதில்லை. அணைக்க வேண்டியதும் இல்லை. சிகரெட் ஐந்தாறு நிமிடங்களில் எரிந்து முடியும். வெளியே போனவர் முடித்துவிட்டுத் திரும்பி வருவார். இதற்கோ முடிவு என்று ஒன்றில்லை. சட்டைப்பையில் இருந்து எடுத்து ஒரு இழுவை, மீண்டும் பைக்குள். கேட்பதற்குரிய சந்தர்ப்பங்கள் ஒவ்வொன்றாக மறைந்துவிட்டபடியால், கேட்கும் வழக்கமும் மறைந்துவிட்டது.

இதை நான் உயர்ந்த இடத்தில் நின்று எழுதவில்லை. எழுபதுகளில் நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகத்தில் ஆசிரியர் பீடம் முழுவதும் புகைமண்டலம். ஈய எழுத்துகளின் வாசனையும் அச்சுமையும் சிகரெட்டும் கலந்த காற்றைத்தான் நாங்கள் பத்திரிகைத் தொழிலின் காற்று என நினைத்திருந்தோம். ஒரு தலையங்கத்துக்கு இரண்டு 'பிறிஸ்டல்' எனக்குக் கணக்கு. என் மேசைக்கு எதிரே ஒப்புநோக்காளர் ஒருவர் இருந்தார். எங்களை விட மூத்தவர். ஒரு காற்புள்ளியும் அவர் கண்ணுக்குத் தப்பாது. நாங்கள் பற்றவைக்கும்போதெல்லாம் அவர் புரூவ் தாள்களைச் சுருட்டிக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவார். மழை நாட்களில் சாளரத்தோடு ஒட்டி நிற்பார். அவருக்குக் காற்று வாங்குவதில் விருப்பம் என்று நான் நினைத்திருந்தேன். அதைப் பகிடியாகவும் சொல்லியிருக்கிறேன்.

அவர் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளுக்குப் பின்னர், நானும் சிகரெட்டை விட்டுவிட்டிருந்த காலத்தில், ஒரு திருமண வீட்டில் அவரைச் சந்தித்தேன். மூச்சு வாங்கியபடி கதிரையில் அமர்ந்திருந்தார். சிறுவயதில் இருந்தே தமக்குத் தொய்வு என்றார். "அண்ணை, அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றேன். அவர் கோபமின்றிச் சொன்னார்: "நீர் ஒருநாளும் கேட்கேல்லையே தம்பி."

ஒருவர் மௌனமாக எழுந்து போவதைச் சம்மதம் என்று நாம் எடுத்துக்கொள்கின்றோம். நம் சமூகத்தில் இது இன்னும் இலகு. பிறருடைய விழாவில், பிறருடைய வீட்டில், முகம் முறிய ஒரு வார்த்தை சொல்ல நம்மவர் தயங்குவர். இலண்டன் மண்டபத்தில் இருமிய அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

சட்டம் இதனைப் பார்த்துக்கொள்ளும் என எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 2007 யூலை 1 முதல் மூடிய பொது இடங்களில் புகைத்தல் தடைசெய்யப்பட்டது. ஆனால் அச்சட்டம் கொளுத்தப்பட்ட பொருளைப் பற்றியே பேசுகின்றது. கொளுத்தப்படாத ஒன்றைப் பயன்படுத்த இடமளிப்பதா என்பது இடத்தின் உரிமையாளருக்கு விடப்பட்டது. இலண்டன் போக்குவரத்து நிறுவனம் தன் பேரூந்துகளிலும் நிலக்கீழ் இரயில்களிலும் இதற்கு இடமளிப்பதில்லை. ஒரு மதுபானசாலை இடமளிக்கலாம்; அடுத்தது மறுக்கலாம். 2016இல் வெளியான அரச வழிகாட்டல், சிகரெட்டை விட்டவரை மீண்டும் புகைப்போர் கூட்டத்துக்குள் தள்ள வேண்டாம் என நிறுவனங்களுக்கு ஆலோசனை கூறியதோடு, தொய்வு போன்ற சுவாச நோயுள்ளோருக்கு இப்படலம் உறுத்தலாக இருக்கலாம் என்பதையும் நினைவூட்டியது. இரண்டும் நியாயமானவையே. ஒருமுறை பாவித்து வீசும் வகைகளின் விற்பனை 2025 யூன் 1 முதல் பிரித்தானியாவில் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆயினும் மூடிய மண்டபத்தில் எவர் எப்போது ஊதலாம் என்பதை அத்தடை சொல்லவில்லை.

பிரித்தானியாவுக்கு வெளியே பயணம் செய்வோர் வேறொன்றையும் அறிந்திருக்க வேண்டும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இவற்றின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, களஞ்சியப்படுத்தல், விளம்பரம் யாவும் குற்றம். களஞ்சியப்படுத்தல் தவிர்ந்தவற்றில் முதற் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபா வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சிங்கப்பூரில் 2018 பெப்ரவரி முதல் இதனை வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டெம்பரில் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைத்தலைத் தடுத்தது; 2016இல் புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுகளுக்கும் தடை வந்தது. விமானங்களிலோ, சரக்கறைக்குச் செல்லும் பயணப்பொதியில் இக்கருவியை வைப்பதற்குச் சர்வதேச சிவில் விமான அமைப்பு 2015இல் தடை விதித்தது. மின்கலம் தீப்பற்றக்கூடும் என்பதே காரணம். கைப்பையில் எடுத்துச் செல்லலாம். விமானத்துக்குள் மின்னேற்றவோ இழுக்கவோ கூடாது. இலண்டனில் ஏறும்போது சட்டப்படியான பொருளாக இருந்தது, சென்னையில் இறங்கும்போது தடைசெய்யப்பட்ட பொருளாகிவிடும்.

இவ்வளவு வேறுபாடுகளுக்கிடையே சட்டத்தைப் பார்த்து ஒழுக்கத்தைக் கற்றுக்கொள்ள முடியாது. ஆனால் கருவியே ஒரு வழியைக் காட்டுகின்றது. சிகரெட்டை விரலிடுக்கில் வைத்திருந்தாலும் அது தன்பாட்டில் புகைந்துகொண்டிருக்கும். பக்கத்திலிருப்பவர் சுவாசிக்கும் புகையின் பெரும்பகுதி அந்த நுனியில் இருந்து வருவதே. இலத்திரனியல் சிகரெட்டோ ஒருவர் இழுத்து வெளியே விட்டாலன்றி எதையும் பரப்புவதில்லை. அதாவது மற்றவரை அடைவது முழுவதும் ஒருவருடைய உள்மூச்சு வெளிமூச்சாகி வருவதுதான். ஆகவே அதனை எங்கே விடுவது என்பதும் முழுக்க அவர் கையிலேயே உள்ளது. இருமும்போது வாயைப் பொத்தக் கற்றுக்கொண்ட நமக்கு இது பெரிய பாடமன்று.

என் வரையில், கதவு சாத்திய எந்த இடத்திலும், அங்கே அறிவித்தல் பலகை இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன, இதனை வெளியே எடுக்காதிருப்பதே முறை. மின்தூக்கியும் வாடகைக்காரும் இதில் அடக்கம். குழந்தைகள், கர்ப்பிணிகள், நோயாளிகள் அருகில் கேள்விக்கே இடமில்லை. திறந்தவெளியிலும் காற்று எத்திசையில் வீசுகின்றது எனப் பார்த்து நிற்கலாம். பேரூந்துத் தரிப்பிடத்தில் வரிசையை விட்டுப் பத்து அடி விலகலாம். பிறர் வீட்டில் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். அதுவும் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்னர். எடுத்த பின் கேட்பது அறிவித்தலாகிவிடும்.

மற்றப் பக்கத்தினருக்கும் ஒரு கடமை உண்டு. சிகரெட்டை விடுவதற்குப் போராடும் ஒருவரைக் குற்றவாளி போல முறைத்துப் பார்ப்பதில் பயனில்லை. "தம்பி, எனக்குக் கொஞ்சம் ஒத்துக்கொள்ளேல்லை" என்று வாய்திறந்து சொல்லலாம். அவ்வளவு போதும்.

அன்று கூட்டம் முடிந்து தேநீர் அருந்தியபோது அந்த இளைஞரிடம் ஒப்புநோக்காளரின் கதையைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கருவியைப் பைக்குள் போட்டுவிட்டு, இருமிய அம்மா எங்கே என்று தேடினார். அம்மா ஏற்கெனவே வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டிருந்தார். என்னுடைய விடயத்திலும் அப்படித்தான். நான் கேட்கப் போனபோது முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன.