இன்னொருத்தி பிள்ளை



அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நோர்த் பிளாற் என்றொரு சிறு நகரம். 1866இல் புகையிரதப் பாதையோடு உருவான ஊர்.

இரண்டாம் உலகப் போர்க்காலம். 1941 டிசம்பர் 17இல், போருக்குச் செல்லும் தம் பிள்ளைகள் வருகிறார்கள் என்றறிந்த ஊரவர் உணவுப் பண்டங்களோடு நிலையத்தில் காத்து நின்றனர். வந்ததோ கன்சாஸ் மாநிலத்துப் பிள்ளைகள். திருப்பிக் கொண்டுபோக மனம் வரவில்லை. அவர்களுக்கே கொடுத்தனர்.

அங்கு நின்ற றே வில்சன் என்ற இளம்பெண், இதைத் தொடர்ந்து செய்வோம் என்று ஊர்ப் பத்திரிகைக்கு எழுதினார். கிறிஸ்மஸ் அன்றே நிலையத்தில் இலவச உணவுச்சாலை தொடங்கியது. சுமார் 125 ஊர்களின் பெண்கள் முறைவைத்து வந்தனர். கூப்பன் சீனியை மிச்சம்பிடித்துக் கேக் செய்தனர். புகையிரதம் நிற்பது பத்துப் பதினைந்து நிமிடந்தான். 1946 ஏப்ரல் 1 வரை சுமார் 60 இலட்சம் பேர் அங்கே பசியாறினர்.

மகனைப் போரில் பறிகொடுத்த ஒரு தாயும் மீண்டும் பரிமாற வந்தார். தன் பிள்ளைக்குச் செய்ய முடியாததை இன்னொருத்தி பிள்ளைக்குச் செய்தார்.

இதை வாசித்தபோது, பிள்ளையை இழந்த பின்னும் அயல்வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போடும் தாய்மாரை நினைத்தேன். அவர்களை நான் தினமும் சந்திக்கிறேன்.