அளந்து பார்க்கும் உரிமை

"சாமானிய ஜனங்களெல்லாம் விஞ்ஞானம் செய்யக் கிளம்பினால் நாடு உருப்பட்ட மாதிரிதான் ஸார்! அதற்கு நிபுணர்கள் இருக்கிறார்கள்" என்றார் படித்த நண்பர் ஒருவர். அவருக்கு ஃப்ளின்ட் நகரத்தின் கதையைச் சொன்னேன்.

அமெரிக்காவில், மிச்சிகன் மாகாணத்தில் உள்ள நலிந்த தொழில் நகரம் அது. அப்போது சுமார் ஒரு லட்சம் ஜனங்கள், பாதிக்கு மேல் கறுப்பர்கள், ஏழைகள் ஏராளம். செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் ஊருக்கு ஆற்று நீரை விட்டார்கள். குழாய் அரிக்காமல் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் தண்ணீரில் இறங்கியது. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம் அது. கொதிக்க வைத்தாலும் போகாது. நிறம் மாறிய தண்ணீரைப் புட்டிகளில் கொண்டுவந்து காட்டினார்கள் தாய்மார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள் அதிகாரிகள்.

லீயான் வால்ட்டர்ஸ் என்ற தாய் அதை நம்பவில்லை. வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸைத் துணைக்கு அழைத்தார். 2015-ல் முந்நூறு வீடுகளுக்குப் புட்டிகள் போயின. இருநூற்றைம்பதுக்கும் மேல் நிரம்பித் திரும்பின. நூறு கோடியில் 15 பங்கு ஈயம் என்பது அப்போது சட்டம் விழித்துக்கொள்ள வேண்டிய அளவாக இருந்தது. பத்தில் ஒரு வீட்டிலாவது 25 பங்குக்கு மேல் இருந்தது!

இதில் விஞ்ஞானம் தெரியாதவர் யார்? இரவெல்லாம் குழாயில் தங்கிய தண்ணீரை, காலையில் முதல் பிடியாகப் பிடித்துக் கொடுத்தார்கள் ஊரார். அதிகாரிகளின் சோதனையிலோ, முந்தின இரவே குழாயைத் திறந்துவிட்டு ஈயத்தைக் கழுவிவிடும்படி யோசனை சொல்லியிருந்தார்கள்.

அந்த ஊர் டாக்டர் மோனா ஹன்னா அட்டீஷா, குழந்தைகளின் ரத்தத்திலும் ஈயம் கூடியிருப்பதைக் காட்டினார். 2015 அக்டோபரில் பழைய தண்ணீர் திரும்பியது. ஊரார் வழக்குத் தொடுத்தார்கள். ஈயக் குழாய்களை வீட்டுக்காரர் செலவின்றி மாற்றித் தருவதாக 2017-ல் உடன்படிக்கை ஆயிற்று.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்காதவர்கள் திட்டம் போட்டார்கள், குடித்தவர்கள் அளந்தார்கள். இதற்காகக் கைதட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. சம்பளம் வாங்குகிறவர்கள் செய்ய வேண்டிய வேலையைத் தாய்மார்கள் கூலியின்றிச் செய்தார்கள் என்பது சர்க்காருக்குத் தலைகுனிவு. அளக்கும் கடமை சர்க்காருடையது. அதைச் சரிபார்க்கும் உரிமை, டம்ளரை வாயில் வைக்கிறவனுடையது. அவனைக் கேளாமல் எழுதும் திட்டம் எத்தனை நிபுணர்கள் கையெழுத்திட்டாலும் குருட்டுத் திட்டம்தான்.

நண்பர் பதில் சொல்லவில்லை. எதிரிலிருந்த தண்ணீர் டம்ளரை மட்டும் ஒருமுறை உற்றுப் பார்த்தார்.