‘வெண்பா’வை மணிக்கணக்கில் அளக்கலாமா?

ஒரு சாப்பாட்டை எத்தனை நிமிடத்தில் சாப்பிட்டு முடித்தோம் என்று கணக்குப் பார்த்து, அது நல்ல சாப்பாடா இல்லையா என்று யாராவது சொல்வார்களா? வீடியோ கேம் உலகத்தில் சொல்கிறார்கள். ‘ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது, கொடுத்த காசுக்குப் போதாது’ என்று ‘வெண்பா’ கேமுக்கு மதிப்பெண் குறைத்தவர்கள் உண்டு. இந்த வாரம் அவர்களோடுதான் எனக்கு வழக்கு.

கேம் என்றதும் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள் அம்மாக்களே, தாத்தாக்களே! நம் தேனி மாவட்டத்து வீடுகளில் ‘கேம்’ என்றால் மூன்றே அர்த்தம்தான். பையன் ராத்திரி முழுக்கச் சுடும் ஆட்டம், யாரோ ஒருவர் சம்பளத்தைத் தொலைத்த ரம்மி, பாப்பா சாப்பிடுவதற்காக போனில் போட்டுக்கொடுக்கும் பலூன் உடைக்கும் ஆட்டம். 2020-ல் பப்ஜிக்குத் தடை வந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க 2025-ல் மத்திய அரசு சட்டமே போட்டது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால், ‘படம்’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாத் தரத்துப் படங்களும் இருப்பது போலத்தான் கேமும். அதற்குள் ‘வெண்பா’வும் இருக்கிறது.

கனடாவின் டொரன்டோ நகரில் இருக்கும் ‘விசை கேம்ஸ்’ என்ற சிறிய குழு, 2023 ஜூலை 31 அன்று இதை வெளியிட்டது. கதை 1980-களின் கடைசியில் தொடங்குகிறது. வெண்பா, பாவலன் என்ற இளம் தம்பதி தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போய்க் குடியேறுகிறார்கள். கவின் என்று ஒரு மகன் பிறக்கிறான். வெண்பாவிடம் இருக்கும் பெரிய சொத்து, அம்மா கொடுத்த பழைய சமையல் குறிப்பு நோட்டு. அதில் சில இடம் கிழிந்திருக்கிறது, சில இடம் மை அழிந்திருக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்து இட்லி, புட்டு, பிரியாணி என்று சமைப்பதுதான் ஆட்டம். சமையலுக்கு நடுவே குடும்பத்தின் வருடங்கள் ஓடுகின்றன.

விமர்சகர்களில் பெரும்பாலோர் பாராட்டவே செய்தார்கள். மறுப்பதற்கில்லை. ஆனால், குறை சொன்னவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னவை மூன்று. ரொம்பச் சின்னது. சமையல் ரொம்பச் சுலபம், தோற்கவே முடியாது. புலம்பெயர்ந்த குடும்பத்தின் சோகக்கதை, பார்த்ததுதானே. ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதலில் ‘சின்னது’. பெயரைக் கவனியுங்கள். வெண்பா என்பது அளவு கட்டிய பா. குறள் வெண்பாவுக்கு இரண்டே அடி, ஏழே சீர். ‘ஏழு சீர்தானா, இன்னும் நாலு சேர்த்துப் போடு’ என்று வள்ளுவரிடம் யாரும் கேட்டதில்லை. சின்னதாக இருப்பதே பெருமை என்று நான் சொல்லவில்லை. சொல்ல வந்தது அதற்குள் முழுசாக அடங்கியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு தாயின் பல வருட வாழ்க்கையில் எந்தெந்த நாளைக் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, மற்றதை விட்டுவிட்டார்கள். அப்படி விட்டதில்தான் வலி இருக்கிறது. ஒரு காட்சியில் அம்மாவின் மடியை விட்டு இறங்காத பிள்ளை, சில காட்சிகள் தள்ளி போனைக்கூட எடுப்பதில்லை. நடுவில் என்ன நடந்தது என்று வெண்பாவுக்கே தெரியாது. நிஜ வாழ்க்கையிலும் பெற்றவர்களுக்கு அப்படித்தானே தெரியாமல் போகிறது?

அடுத்து ‘சுலபம்’. சமையல் கேம் என்றால் கடிகாரம் ஓட வேண்டும், அடுப்பு தீப்பிடிக்க வேண்டும், வாடிக்கையாளர் கத்த வேண்டும் என்று பழகிவிட்டது. ‘ஓவர்குக்டு’ மாதிரி ஆட்டங்கள் அப்படித்தான், அவற்றுக்கு அது சரி. வெண்பாவின் அடுப்படி ஹோட்டல் அல்ல, வீடு. தப்பாகச் செய்தால் மறுபடி செய்யலாம். நம் வீட்டில் பெண்ணுக்கோ பையனுக்கோ சமைக்கச் சொல்லிக்கொடுக்கும்போது ‘ஆட்டம் முடிந்தது, வெளியே போ’ என்றா சொல்கிறோம்? ‘சரி விடு, இன்னொரு தடவை பண்ணு’ என்போம்.

சுலபம் என்பதும் பாதி உண்மைதான். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று யோசிக்க வைக்கிறார்கள். குழிக்கு நேராகக் குழி வந்தால் இட்லி நசுங்கும், இடைவெளிக்கு மேல் குழி வந்தால்தான் ஆவி ஏறி உப்பும். நாம் யோசிக்காமலே செய்கிற காரியம். தெரியாதவருக்கு அது ஒரு புதிர் என்பதே இந்த கேம் பார்த்துத்தான் உறைக்கிறது. புட்டும் அப்படியே. கூடலூரைத் தாண்டிக் குமுளி மலை ஏறினால் கேரளம். அதனால் கம்பம் பள்ளத்தாக்கில் புட்டுக்குழல் பலருக்கும் பழகிய சாமான். மாவு ஒரு பிடி, தேங்காய்ப்பூ ஒரு பிடி என்று மாற்றி மாற்றி நிரப்ப வேண்டும் என்பதை நாம் யாரிடமும் நோட்டு வாங்கிப் படிக்கவில்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அதைச் சொல்ல ஒரு நோட்டு வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, ‘பார்த்ததுதானே’. எங்கே பார்த்தோம்? சினிமாவில் பார்த்திருக்கலாம், கதைகளில் படித்திருக்கலாம். கேமில் தமிழ்க் குடும்பம் நடுவில் நிற்பதை எத்தனை தடவை பார்த்தோம்? இட்லியை இட்லி என்றும் புட்டைப் புட்டு என்றும் சொல்லி, உலகம் முழுக்க விற்கும் ஒரு கேமில் ரேடியோவில் தமிழ்ப்பாட்டு ஓடுவதை எத்தனை தடவை கேட்டோம்? நம் அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜா 1977-ல் ‘16 வயதினிலே’ எடுத்தபோது, ஸ்டுடியோ செட்டை விட்டு நிஜ கிராமத்துக்குக் கேமராவைக் கொண்டுபோனார். காதலும் ஏமாற்றமும் சினிமாவுக்குப் புதிதா என்ன? அது யாருடைய பேச்சில், எந்த மண்ணில் நடக்கிறது என்பதுதான் புதிது. அதே நியாயத்தை இதற்கும் கொடுக்க வேண்டாமா?

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. கடைசிப் பகுதி கொஞ்சம் அவசரமாக ஓடுகிறது. பாவலனுக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். பதினைந்து டாலர் என்பது நமக்குச் சின்னக் காசு இல்லை, அதைக் கணக்குப் பார்ப்பவரை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் ‘எனக்கு விலை கட்டுப்படியாகவில்லை’ என்பது வேறு, ‘படைப்பு குறைபாடானது’ என்பது வேறு. இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் கலந்துவிடுவதுதான் அநியாயம். நீளத்துக்கு மட்டும் மார்க் போட்டால், அடுத்த சின்னக் குழு என்ன செய்யும்? ஒரு மணி நேரக் கதையில் தண்ணீர் ஊற்றிப் பத்து மணி நேரமாக்கும். தண்ணீர் ஊற்றிய ரசம் யாருக்கு நல்லது?

‘வெண்பா’வுக்கு 2024-ல் சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் முதன்மைப் பரிசும், பிரிட்டனின் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருதும் கிடைத்தன. விருது வாங்கியதால் நல்லது என்று வாதாடவில்லை. ஒரு தமிழ்த் தாயின் அடுப்படி, தமிழ் தெரியாதவர்களுக்கும் புரிந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. வளர்ந்த கவின் அம்மாவின் நோட்டைத் திறக்கிறான். அவனுக்குத் தமிழ் சரளமாகப் படிக்க வரவில்லை. அம்மாவுக்கு அழிந்த மைதான் தடை. மகனுக்கு நன்றாக இருக்கும் எழுத்தே தடை. போடியிலும் சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும், வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளையோடு வீடியோ காலில் பேசும் பாட்டிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘சாப்பிட்டியா?’ என்பதற்குப் பிறகு இரண்டு பக்கமும் வார்த்தை தீர்ந்துபோகும் அந்த மௌனம் அவர்களுக்குத் தெரியும்.

‘வெண்பா’ கணினியிலும் நின்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கருவிகளிலும் கிடைக்கிறது. அவை இல்லாதவர்கள் யூடியூபில் முழுசாக விளையாடிக் காட்டும் வீடியோக்களைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாருங்கள். இட்லித் தட்டு வரும் இடத்தில் நிறுத்தி, ‘எப்படி அடுக்கணும், சொல்லு?’ என்று அவனைக் கேளுங்கள். அவன் முழித்தால், போனை வைத்துவிட்டு அடுப்படிக்குக் கூட்டிப்போங்கள். கேம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.