பழைய கம்ப்யூட்டரும் புது ஸர்வரும்

பெண்ணின் கல்யாணப் படங்களெல்லாம் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில்! பிள்ளையாண்டான் வைத்திருக்கும் லினக்ஸ் ஸர்வரோ அதை வாசற்படி ஏற விடமாட்டேன் என்கிறது. உங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை உண்டா, சகோதரி?

குற்றம் கம்பியில் இல்லை, பாஷையில். லினக்ஸில் இருந்துகொண்டு விண்டோஸுடன் பேசுவது ‘ஸாம்பா’ என்ற புரோகிராம். (நம் சாம்பாருக்கு உறவில்லை, எஸ்.எம்.பி. என்ற எழுத்துக்கள் வரும் சொல்லை அகராதியில் தேடி வைத்த பெயர்.) எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்.எம்.பி. 1 மட்டுமே. 2019-இல் வந்த ஸாம்பா 4.11 முதல் அந்தப் பழைய பாஷைக்குக் கதவு சாத்தியே இருக்கிறது. காரணம் இல்லாமலா? 2017-இல் ‘வான்னாக்ரை’ பரவியது, விண்டோஸில் அதே பாஷையைக் கையாளும் பகுதியிலிருந்த ஓட்டை வழியாகத்தான்!

ஆகவே, முதலில் வெளியிலிருந்து வரும் இன்டர்நெட் கம்பியைக் கழற்றிவிடுங்கள். வீட்டுக்குள் பேசிக்கொள்ள அது வேண்டாம். பிறகு ஸாம்பாவின் அமைப்புக் கோப்பில் ‘ஸர்வர் மின் புரோட்டோகால்’ என்பதை ‘என்.டி. 1’ ஆக்கி, ஸாம்பாவை மறுபடி ஓடவிடச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை ஏற்காவிட்டால் ‘என்.டி.எல்.எம். ஆத்’ என்ற வரியையும் தளர்த்த வேண்டியிருக்கும்.

படங்கள் வந்து சேர்ந்ததும் இரண்டு வரிகளையும் அழித்துவிட வேண்டும். “நாளைக்குச் செய்கிறேன், அம்மா” என்பான். நகராதீர்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்!