சேவை மனப்பான்மை என்னும் சாக்கு

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதிய திட்டமொன்று புகுத்தப்பட்டு, அது எதிர்பார்த்த பலனைத் தராமற் போகும்போதெல்லாம், நம்மவர் யாதொரு விசாரணையுமின்றி வழங்கிவிடும் தீர்ப்பு ஒன்று உண்டு: ஊழியர்களுக்குச் சேவை மனப்பான்மை இல்லை என்பதே அது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிரயாணி முதல் ஆய்வுக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் அதிகாரி வரை யாவரும் ஒப்புக்கொண்டுவிட்ட இந்த அபிப்பிராயத்தை நான் அடியோடு மறுக்கிறேன். வருகைப் பதிவேட்டில் மட்டுமே ஜீவித்திருக்கும் ஊழியர் எவருமில்லை என்று வாதாட நான் வரவில்லை. அத்தகையோரைக் குறித்து எழும் கோபம், தவறாமல் வந்து நிற்கிறவர் தலையிலேயே விடிகிறது என்பதுதான் என் கண்டனம்.

அவர் சுமக்கும் வேலையைப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் கீழ், சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப் பிரதேசத்தில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அங்குள்ள நர்ஸம்மா கர்ப்பிணிகளைக் கண்டறிந்து பதிந்து, பிக்மி என்னும் கர்ப்பிணிப் பதிவு எண் வாங்கிக் கொடுத்து, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கான விவரங்களை ஏற்றி, புதன்கிழமைதோறும் தடுப்பூசி போட்டு, பிள்ளை பெற்றவளின் வீடு தேடிச் சென்று திரும்புவதற்குள், சர்க்கரை, ரத்த அழுத்தக் கணக்குகளும் வந்து சேர்ந்துவிட்டன. இந்நோய்களுக்கு வீடு தேடிச் சென்று மருந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது மகளிர் தன்னார்வலர்கள் அமர்த்தப்பட்டது நல்ல காரியமே. ஆயினும் அவர்களை நிரந்தர ஊழியராக்காமல் மாத ஊக்கத்தொகையோடு நிறுத்திக்கொண்டதிலும் சேவை மனப்பான்மை இருந்தால் போதும் என்னும், மேற்சொன்ன அபிப்பிராயத்தின் சாயல் இருக்கிறது.

உற்சாகம் குன்றியது என்று கண்டவுடன் ஊக்கமூட்டும் பயிற்சி ஒன்றை நடத்துகிறார்கள். (மதிய சாப்பாட்டில் குறையிராது, அன்று போக வேண்டிய வீடுகள்தாம் மறுநாட் கணக்கில் ஏறும்.) உற்சாகம் எங்கிருந்து பிறக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. ஒரே செவிலி இரவும் பகலும் விழித்திருக்க முடியாதென்னும் சாமான்ய உண்மையை உணர்ந்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூவரை முறைவைத்து நியமித்து, இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்த பின்பு, அதுவரை அவ்வாசலை மிதியாத தாய்மார்கள் அங்கே வரலானார்கள். எந்த உபதேசமும் இதைச் சாதிக்கவில்லை. 1994-இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாவட்டந்தோறும் கிடங்கு வைத்து, ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புத்தகம் கொடுத்து, தேவையறிந்து மருந்து எடுத்துக்கொள்ள வழி செய்ததும் அவ்வகையைச் சேர்ந்ததே. மாத்திரை இல்லையென்று நோயாளியைத் திருப்பியனுப்பும் ஊழியரிடம், அவர் எத்தகைய உத்தமராயினும், முகமலர்ச்சியை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஆகவே, அடுத்த திட்ட விஸ்தரிப்பு ஆணை பிறக்கும்போது, இதுவரை எழுதிவந்த பதிவேடுகளில் எவை நிறுத்தப்படுகின்றன, காலியிடங்கள் எந்தத் தேதிக்குள் நிரப்பப்படும் என்ற இரண்டு விவரங்களும் அதிலேயே அச்சிடப்பட வேண்டுமென்று சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்கட்டும். அவை இல்லாத ஆணையைச் செவிலியர் சங்கங்கள் ஏற்க மறுத்தால், நான் அவர்கள் பக்கமே நிற்பேன்.