நடுவர் விரல் உயர்ந்த பின்

ராஜகீழ்ப்பாக்கத்தில் மாலை வேளைகளில் பந்தாடும் சிறுவரிடையே எழும் வழக்குகளில் பாதி, "பந்து மட்டையில் பட்டதா, இல்லையா?" என்பதே. புகழ்பெற்ற ஆட்டக்காரரிடையேயும் இவ்வழக்கு உண்டு.

1986 செப்டம்பர் 22 அன்று சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவை வெல்ல இந்தியாவுக்கு 348 ஓட்டங்கள் தேவை. 347 எடுத்தாயிற்று; எஞ்சியிருந்தது ஒரே விக்கெட். கடைசி ஓவரின் ஐந்தாம் பந்தில், மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. எனத் தீர்ப்பளித்தார் நடுவர் விக்ரம்ராஜு. ஆட்டம் சமனில் முடிந்தது. பந்து மட்டையில் பட்டதென்றே மணீந்தர் பின்னரும் சொல்லிவந்தார். அவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

1980 பிப்ரவரியில் பம்பாயில் நிகழ்ந்ததோ வேறு. 58 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்த இங்கிலாந்தை போத்தமும் பாப் டெய்லரும் தாங்கி நின்றனர். விக்கெட் காப்பாளர் பிடித்த ஒரு பந்துக்கு டெய்லர் அவுட் என்றார் நடுவர். பந்து மட்டையில் படவில்லை என்று கருதிய இந்திய அணித்தலைவர் ஜி. ஆர். விஸ்வநாத், டெய்லரைத் திரும்ப அழைத்தார். அவ்விருவரும் சேர்த்த ஓட்டங்கள் 171. இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. ஆயினும் அந்த ஆட்டத்தைப் பேசுவோர் விஸ்வநாத்தின் பெயரை மதிப்போடன்றிச் சொல்வதில்லை.

இன்று பெரிய ஆட்டங்களில் படத்தை மீண்டும் ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புரைக்க மூன்றாம் நடுவர் இருக்கிறார். நம் தெருவில் அவர் இல்லை. அங்கே, தன் பக்கத்துக்கு நட்டம் வரினும் உள்ளதைச் சொல்லும் ஒரு பிள்ளை இருந்தால் போதும். சண்டை ஓயும், ஆட்டம் தொடரும். பெற்றோரே, அப்பிள்ளை தோற்று வரும் மாலையில் அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள்.