அணைய மறுத்த விளக்கு



நம் கழக ஆண்டிதழில் மொழிப்பற்றைப் பேசும் கட்டுரைகளுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. நான் எழுத வந்திருப்பதோ ஒரு சிறு விளக்கைப் பற்றி. முடிவில் இதுவும் மொழியைப் பற்றியதுதான் என்பதை நீங்களே உணர்வீர்கள்.

முதலாம் பருவத்தில் ஒரு நாள், ஆய்வுக்கூடத்தில் ஆளுக்கொரு நீல நிறப் பலகையைக் கொடுத்தார்கள். அதன் பெயர் அர்டுயினோ ஊனோ. உள்ளங்கை அளவுதான். இத்தாலியின் இவ்ரியா நகரில், மின்னியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் மலிவாக வாங்கிப் பழக வேண்டும் என்ற நோக்கத்தோடு 2005இல் தொடங்கிய முயற்சியின் வழிவந்தது அது. நிரலைச் சேமிக்க அதில் இருப்பது 32 கிலோபைட் இடம் மட்டுமே. நம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதற்குள் அடங்காது.

எங்களுக்குத் தரப்பட்ட வேலை மிக எளியது. ஒரு சிறு விளக்கு ஒரு விநாடி எரிய வேண்டும், ஒரு விநாடி அணைய வேண்டும், இதுவே தொடர வேண்டும். விரிவுரையாளர் ஆங்கிலத்தில் விளக்கினார். பக்கத்து மேசை நண்பர்கள் மலாய்மொழியில் பேசிக்கொண்டார்கள். "புரிந்ததா?" என்று கேட்டபோது எல்லாரோடும் சேர்ந்து நானும் தலையாட்டினேன். உண்மையில் பாதிதான் புரிந்திருந்தது.

முதலில் ஓர் அரைப்புள்ளியை விட்டதால் கணினி என் நிரலை ஏற்கவே இல்லை. அதைத் திருத்தியதும் விளக்கு எரிந்தது. ஆனால் அணையவில்லை. கம்பிகளை மாற்றினேன், விளக்கை மாற்றினேன், பலனில்லை. மற்றவர்களின் விளக்குகள் கண்சிமிட்டிக்கொண்டிருக்க, என் விளக்கு மட்டும் என்னை முறைத்தது. யாரையும் கேட்கக் கூச்சமாக இருந்தது. பலகையை இரவல் வாங்கிக்கொண்டு வார இறுதியில் வீட்டுக்குப் போனேன்.

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் தங்கை, "இது என்னக்கா?" என்று வந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டிய கட்டாயம். யோசித்துச் சொன்னேன்: "அம்மா காலையில கடையைத் திறந்ததும் அடுப்பப் பத்த வைக்கிறாங்க. அது ஒரு தடவைதான். அப்புறம் மாவ ஊத்துறது, திருப்புறது, எடுக்கிறது. அது கடை மூடுற வரைக்கும் திரும்பத் திரும்ப நடக்குது. இந்த நிரலும் அப்படித்தான், ரெண்டு பகுதி." பிறகு ஒவ்வொரு வரியையும் சொன்னேன். விளக்கை ஏற்று, ஒரு விநாடி காத்திரு, அணை, மீண்டும் முதலிலிருந்து தொடங்கு.

அவள் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, அணைச்ச உடனே திரும்ப ஏத்திட்டா, அணைஞ்சது எப்படிக்கா தெரியும்?"

அதுதான் பிழை! அணைத்த பிறகும் ஒரு விநாடி காத்திருக்கச் சொல்ல நான் மறந்திருந்தேன். அந்தப் பலகையின் கடிகாரம் விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிக்கிறது. அணைத்த விளக்கை அடுத்த கணமே ஏற்றிவிட்டால் மனிதக் கண்ணுக்கு எப்படித் தெரியும்? ஒரே ஒரு வரியைச் சேர்த்தேன். விளக்கு கண்சிமிட்டியது. தங்கை கைதட்டினாள்.

நண்பர்களே, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் 2011இல் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்தவள். 2003 முதல் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டிருந்த கணிதமும் அறிவியலும், எங்கள் வகுப்பிலிருந்துதான் மீண்டும் தமிழுக்குத் திரும்பின. ஆறாண்டுகள் தமிழில் கேள்வி கேட்டு வளர்ந்தேன். இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழி, இங்கே ஆங்கிலம். 'மின்சுற்று' என்று படித்தது 'லித்தார்' ஆகி, பின் 'சர்க்யூட்' ஆனது. பெயர்கள் மாறியதில் எனக்கு வருத்தமில்லை. மாறும்போதெல்லாம் கேள்வி கேட்கும் துணிவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைத்துவிட்டேனே என்பதுதான் வருத்தம். என் தங்கையிடம் இருக்கும் அந்தத் துணிவு என்னிடமும் ஒரு காலத்தில் இருந்தது.

"அப்படியானால் பொறியியலைத் தமிழில் படிக்கச் சொல்கிறாயா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. அந்த நிரலின் கட்டளைகளே ஆங்கிலச் சொற்கள்தாம். வேலைக்கும் ஆய்வுக்கும் ஆங்கிலம் வேண்டும். இந்நாட்டில் வாழ மலாய்மொழியும் வேண்டும். நான் சொல்வது வேறு. எந்த மொழியில் படித்தாலும், படித்ததை ஒருமுறை தாய்மொழியில் இன்னொருவருக்குச் சொல்லிப் பாருங்கள். புரியாமல் தலையாட்டிய இடங்கள் அங்கே வெளிப்பட்டுவிடும்.

தமிழும் கணினியும் அந்நியமானவை அல்ல. நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் தட்டச்சு செய்தவர்கள் நம்மில் பலர். தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத 'எழில்' என்னும் நிரல்மொழியும் வந்துவிட்டது. தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அனைத்துலகப் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கம் வெல்லும் செய்திகளையும் நாளிதழ்களில் படித்து மகிழ்கிறோம். ஆனால், முதலாம் படிவத்தில் கால் வைத்ததும் வகுப்பின் பின்வரிசைக்குப் போய் வாய்மூடி உட்கார்ந்துவிடும் பிள்ளைகளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. நானும் அப்படி உட்கார்ந்தவள்தான்.

ஆகவே, நம் கழகத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பட்டிமன்றமும் கவிதைப் போட்டியும் கலை இரவும் தொடரட்டும். அவற்றோடு, ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமையை ஒதுக்குவோம். பத்துப் பலகைகளை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்குச் செல்வோம். கலை இரவின் மேடை அலங்காரத்துக்குச் செலவாகும் தொகையில் ஒரு பகுதியே அதற்குப் போதும். முன்னாள் மாணவர்களே, பொறியாளர்களாக இருக்கும் நீங்கள் ஒரு நாள் உடன் வந்தால் அதைவிடப் பெரிய நன்கொடை வேறில்லை.

அங்கே நாம் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் செல்வோம். ஆனால் ஏதோ ஒரு பிள்ளை, நமக்குத் தோன்றாத ஒரு கேள்வியைத் தமிழில் கேட்கும். அந்தக் கேள்விக்காகவாவது செல்வோம், வாருங்கள்!